போயிட்டு வாரேன் என்றாள் மேதா

முப்பது வருஷம் கழித்து அப்பா போன் பண்ணினார். "பவுனு" என்றது குரல். உலகத்தில் பவுன்தாயை அப்படிக் கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான். அவள் "அப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லோடு போன் செத்துப்போயிற்று.

சிக்னல் போகவில்லை, சார்ஜும் தீரவில்லை. அவள் குரலைக் கேட்டதும் போனே இணைப்பை வெட்டிவிட்டு மிகவும் பணிவாகச் சொன்னது: "இந்தக் குரல் மேதா என்னும் கதாபாத்திரத்துக்கு உரியது. அனுமதியில்லாத உபயோகம் தடுக்கப்பட்டது. நன்றி."

அந்த நன்றியைக் கேட்டபிறகுதான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. போனைச் சுவரில் அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா திரும்பக் கூப்பிட்டால் என்ன செய்வது என்று இறக்கிக்கொண்டாள். அவர் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? தன் குரலைக் கேட்டதும் மகள் போனை வைத்துவிட்டாள் என்றல்லவா நினைத்திருப்பார். சாத்தூர் சேவுக்கடை ராமசுப்புவுக்கு எதையும் இரண்டாம் தடவை கேட்கிற பழக்கம் கிடையாது.

கண்ணுகளா, இப்படியும் நடக்குமா என்று கேட்பீர்கள். இது இன்னும் கொஞ்ச காலம் கழித்து நடக்கிற கதை. நான் மெதுவாகவே சொல்கிறேன். எங்காவது புரியாமல் போனால் அது சொல்கிறவள் பிழை, கேட்கிற உங்கள் பிழை இல்லை.

கிரேக்க தேசத்தில் ஒரு பழங்கதை உண்டு. ராஜ்ஜியத்தைக் கேட்ட இளவரசனிடம் அவன் சித்தப்பன், உலகத்தின் கடைசியில் ஒரு தங்க ஆட்டுத்தோல் தொங்குகிறது, அதைக் கொண்டுவா தருகிறேன் என்கிறான். இளவரசன் பேர் ஜேசன். கப்பல் கட்டி, வீரர்களைக் கூட்டிக்கொண்டு, எத்தனையோ தீவுகளைத் தாண்டிப் போகிறான். தோலைக் காப்பது கண்ணே மூடாத ஒரு பாம்பு. அந்த நாட்டு ராஜாவின் மகள் மெடியா வந்தவனிடம் மனசைப் பறிகொடுத்து, மருந்து வைத்துப் பாம்பைத் தூங்கப்பண்ணி, தோலை எடுத்துக் கொடுத்து, பெற்ற அப்பனை விட்டுவிட்டு அவனோடு கப்பல் ஏறுகிறாள். அவன் பிற்பாடு அவளைக் கைவிட்டு வேறொருத்தியைத் தேடிக்கொள்கிறான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ரத்தம். அது இங்கே வேண்டாம்.

இந்தக் கதையை ஒரு கம்பெனி டிவி சீரியலாக்கியது. ஜேசன் ஜெயசேனன் ஆனான், மெடியா மேதா ஆனாள். ஆட்டுத்தோல் மட்டும் ஆட்டுத்தோலாகவே இருந்தது. அதைப் பட்டுச்சேலையாக மாற்றினால் என்ன என்று தயாரிப்பாளர் சிதம்பரேசன் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

கம்பெனி சீரியலாக்கியது என்றேன், ஆனால் மனிதர்கள் கை பட்டது முதல் சில நாள் பகுதிகளில் மட்டும்தான். நடிகர்கள் முகம் கொடுத்தார்கள். டப்பிங்காரர்கள் குரல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு கதைப்பொறி, வெளிநாட்டில் செய்தது, அந்த முகங்களையும் குரல்களையும் வைத்துக்கொண்டு தினமும் ஒரு பகுதியைத் தானே கட்டித் தானே ஒளிபரப்பிற்று. மேதாவுக்குக் குரல் கொடுத்தவள் பவுன்தாய். கதை முடியும்வரை அவள் குரல் மேதாவுக்குச் சொந்தம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எந்த சீரியலாக இருந்தாலும் மூன்று வருஷத்தில் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டாள். இது ஏழாவது வருஷம்.

குரல் திருட்டு பெருகிவிட்ட காலம் அது. அதனால் ஒருவர் பேரில் பதிவான குரலை வேறு எங்கே கேட்டாலும் எந்தக் கருவியும் உடனே வாயை மூடிக்கொள்ளும். பவுன்தாய் நேரில் பேசலாம், காய்கறி வாங்கலாம், சண்டை போடலாம். போனில் மட்டும் பேச முடியாது. வேறு படத்துக்கு டப்பிங் பேச முடியாது. லிஃப்டில் நின்று மூன்றாம் மாடி என்றால் லிஃப்ட் நகராது.

இன்னொரு கூத்தும் இருந்தது. சீரியல் முடிந்ததும் தினமும் சற்று நேரம் 'பேசு நேரம்' என்று ஒன்று வரும். வீட்டில் இருக்கிறவர்கள் டிவியைப் பார்த்துப் பேசலாம். ஜெயசேனனோ மேதாவோ பதில் சொல்வார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டில் பேசு நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது பவுன்தாய் வாசலில் நின்று, "சரோ, கத்திரிக்காய் என்ன வெலைக்கு வாங்குன?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் நடுக்கடலில், புயலில், கிழிந்த பாயைப் பிடித்துக்கொண்டு நின்ற மேதா கப்பல் தலைவனிடம் கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்டாள். ஊரே சிரித்தது. பவுன்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாயிலிருந்து விழுவதெல்லாம் அவளுக்கா போகிறது என்று அன்று முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்தாள்.

அப்பா கூப்பிட்ட மறுநாள் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் போன் போட்டாள். கம்பெனி எண்ணுக்கு மட்டும் அந்தக் குரல் போகும். அங்கே எடுத்ததும் ஒரு இயந்திரம், அவள் வாயைத் திறந்ததும், "வணக்கம், மேதா" என்றது. நான் மேதா இல்லை, பவுன்தாய் என்றாள். "மன்னிக்கவும் மேதா, கதாபாத்திரங்களால் புகார் அளிக்க இயலாது" என்று வைத்துவிட்டது.

வேறு யாரையாவது போனில் பேசச் சொல்லியிருக்கலாமே, ஒரு பஸ் ஏறிச் சாத்தூருக்கே போயிருக்கலாமே என்கிறீர்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அவள் ஊரைவிட்டு வந்த விதம் அப்படி.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்செட் போட வந்தவன் எட்வின். சென்னையில் டப்பிங் தியேட்டரில் வேலை பார்க்கிறேன், உன் குரலுக்கு நீ இங்கே இருக்க வேண்டியவளே இல்லை என்றான். பட்டப்பகலில், கடை நிறைய ஆள் நிற்கும்போது, பையைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்று "போறேன்" என்றாள். சேவு தேய்த்துக்கொண்டிருந்த ராமசுப்பு கையை நிறுத்தாமல், 'வாரேன்'னு சொல்லத் தெரியாதா உனக்கு என்று கேட்டார். அவள் இன்னொரு தடவை "போறேன்" என்றாள். சரி, நானா கூப்பிடாமல் இந்தப் படி ஏறாதே என்று சொல்லிவிட்டு அவர் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சென்னைக்குக் கூட்டிவந்த எட்வின் சில வருஷத்தில் வேறொரு பெண்ணோடு வேறொரு ஊருக்குப் போனான். அது கிரேக்கத்திலும் நடந்தது, சாலிகிராமத்திலும் நடந்தது.

இப்போது அவர் கூப்பிட்டிருக்கிறார். ஆனால் வா என்று சொல்லவா, ஏதாவது கெட்ட சேதி சொல்லவா? இல்லை, என்னை அப்பா என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளாதே என்று சொல்லவா? 'பவுனு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதை முடிவு செய்வது? அவர் வாயால் அந்த மீதியைக் கேட்காமல் படியேறுவதில்லை என்று இருந்தாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

வளசரவாக்கத்தில் சிதம்பரேசனின் ஆபீஸுக்கு நேரில் போனாள். கதைப்பொறி இருக்கிற அறைக்கு வெளியே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தது. பொறிக்கே நெற்றியில் குங்குமம். சிதம்பரேசன் கெட்ட மனுஷர் இல்லை. காப்பி கொடுத்து, உட்காரவைத்து, வருத்தப்பட்டார். கதையை முடித்தால் குரல் உங்களுடையது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை என்றார். எப்போது முடியும் என்று கேட்டதற்கு மேலே காட்டினார்.

"நான் முடிக்க வேணாம்னா சொல்றேன்? பொறி முடிக்க மாட்டேங்குதும்மா. வருஷா வருஷம் இதுதான் கடைசிப் பகுதின்னு நெனைக்கிறேன். திரும்பவும் கப்பல் கிளம்பிடுது." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துபோயிற்று. கப்பல் கிளம்பக் கிளம்ப அவருக்கு நல்லதுதானே. "உங்க குரல் தினமும் வீடு வீடாப் போகுது. யாருக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?"

"என் வீட்டுக்குப் போகலையே சார்" என்றாள் பவுன்தாய்.

அதற்கு அவர் இன்னொரு காப்பி சொன்னார்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் ஒரு பெண் காத்திருந்தாள். நறுமுகை என்று பேர், பொறியைக் கவனித்துக்கொள்கிற என்ஜினியர். உள்ளே பேசியதெல்லாம் கண்ணாடி வழியாகக் கேட்டிருக்கிறது. வாங்கக்கா என்று தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனாள். தனக்கே இந்தச் சீரியல் அலுத்துவிட்டது, ஏன் முடியவில்லை என்று ஒரு மாதமாகக் குடைந்து இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்றாள்.

"ஒரு கதைய எப்ப முடிக்கணும்னு பொறிக்குத் தெரியணும்ல. அதுக்குச் செஞ்சவங்க ஒரு வழி வச்சிருக்காங்க. கதைக்குள்ள யாரு என்ன வாக்குக் கொடுத்தாலும் அது ஞாபகம் வச்சுக்கும். பழி வாங்குவேன், கட்டிக்குவேன், திரும்பி வருவேன், எதுவா இருந்தாலும். எல்லா வாக்கும் தீர்ந்தாத்தான் கதை முடியும்."

"நல்லதுதானே."

"நல்லதுதான். நாம வீட்ட விட்டுக் கிளம்புறப்ப என்னக்கா சொல்லுவோம்?"

"போயிட்டு வர்றேன்."

"அதத்தான் பொறி வாக்குன்னு எடுத்துக்கிச்சு."

பவுன்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள்.

நறுமுகை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். நம் ஆட்கள் எழவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவார்கள். மற்ற எல்லா இடத்திலும், திரும்பி வருகிற எண்ணமே இல்லாவிட்டாலும், போயிட்டு வர்றேன்தான். சீரியலில் வந்தவர் போனவரெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தீவில் தண்ணீர் கொடுத்த பொம்பளையிடம் கப்பல்காரன் ஒருவன் சொன்னதற்காக மொத்தக் கப்பலும் பாதிக் கடலிலிருந்து திரும்பி அவளைப் பார்க்கப் போயிருக்கிறது. ஒரு வீரன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போய்ப் போரில் செத்துவிட்டான். அவனுக்கு இரட்டைத் தம்பி ஒருவன் முளைத்தது அதனால்தான். ஊர் ஜனங்கள் அதை எப்பேர்ப்பட்ட திருப்பம் என்று பேசிக்கொண்டார்கள்.

"அப்ப இது முடியவே முடியாதா?"

"அப்படியில்ல. ஒரு வாக்கைப் பத்தி எந்த வீட்லயும் ஒரு வருஷம் யாரும் கேக்கலைன்னா, மறந்துட்டாங்கன்னு பொறி அத விட்டுடும். அப்படித்தான் எல்லாம் தீர்ந்துருச்சு. ஒண்ணு மட்டும் பாக்கி." நறுமுகை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "உங்களோடது. மேதா அவங்க அப்பாகிட்ட சொன்னது."

பவுன்தாய்க்கு அந்த மத்தியானம் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. டப்பிங் தியேட்டர். திரையில் மேதா கப்பல் தட்டில் நிற்கிறாள், கரையில் அப்பா சின்னதாகத் தெரிகிறார். வசனம் தாளில் இருந்தது: 'போகிறேன் அப்பா. இனி நான் உங்கள் மகள் இல்லை.' அவள் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை. அதை அவள் ஏற்கெனவே ஒருதடவை சொல்லியிருந்தாள் அல்லவா. வாயில் வந்தது சாத்தூர்ப் பேச்சில், "போயிட்டு வாரேன்ப்பா." டைரக்டர், இயல்பாக இருக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"அத எவன் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கான்?"

"யாருன்னு தெரியாதுக்கா, நாங்க பாக்கவும் கூடாது. ஒரே ஒரு வீடு. அந்தப் பகுதி வந்த நாள்லேர்ந்து தினமும், ஒருநாள் தவறாம, பேசு நேரத்துல மேதாகிட்ட அதத்தான் கேக்குறாங்க. அப்பாகிட்ட எப்ப வருவேன்னு."

பவுன்தாய் எழுந்து நின்றுவிட்டாள். அன்று அந்த டீக்கடையில் அவள் அந்த முகம் தெரியாத மனிதனைத் திட்டியதை நான் முழுசாகச் சொல்ல மாட்டேன். வேலைவெட்டி இல்லாதவன், வீட்டில் பெண்டு பிள்ளை இல்லாதவன், அவன் டிவியில் இடி விழ, நாக்கு அழுக என்று தொடங்கிற்று. தன் அப்பா தன்னோடு பேச முடியாமல் போனதற்கு எங்கோ ஒரு சோம்பேறி நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொழுதுபோகாமல் கேட்கிற கேள்விதான் காரணம் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது. டீக்கடைக்காரர் ரேடியோவைச் சின்னதாக்கிவிட்டு அவள் முடிக்கிறவரை காத்திருந்தார்.

"பேசாம மேதா அவ அப்பன் வீட்டுக்குப் போய்த் தொலைய வேண்டியதுதானே" என்று கடைசியில் கேட்டாள்.

"கிரேக்கர்கள்லயே சில பேர், அவ கடைசியில அப்பா நாட்டுக்குத்தான் திரும்பிப் போனான்னு சொல்லியிருக்காங்க. பொறிக்கும் அது தெரியும். ஆனா மேதா கப்பல விட்டுப் போனா ஜெயசேனனோட ரசிகர்கள் டிவிய அணைச்சிடுவாங்கன்னு பயப்படுது. அதனால ஒவ்வொரு தடவையும் காத்து சரியில்லைன்னு தள்ளிப்போடுது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டே வழிதான். கேட்டவர் காதுல, வந்துட்டேன்னு மேதா குரல் விழணும். பொறி அதச் சொல்லாது. இல்லேன்னா அந்தப் பழைய வசனத்தையே மாத்தணும். தாள்ல எழுதியிருந்தது 'போகிறேன்'. நீங்க மாத்திச் சொல்லிட்டீங்க. தாள்ல உள்ளபடி திருத்திப் பேச உங்களுக்கு உரிமை இருக்கு, ஒப்பந்தத்துலயே இருக்கு. 'போகிறேன் அப்பா'ன்னு சொல்லிட்டீங்கன்னா வாக்கே இல்லைன்னு ஆயிடும். கதை முடிஞ்சிடும்."

சிதம்பரேசனால் மறுக்க முடியவில்லை. முரண்டு பிடிக்க முடிந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் வருகிற சீரியலில் ஒரு பெண் வாயால் 'போறேன்' என்ற சொல் வரக்கூடாது. அதை அவர் தடை செய்து வைத்திருந்தார். எழவு, தரித்திரம், விளங்காது, போறேன் என்று அப்படி ஒரு வரிசை. அதற்கு பதிலாகச் 'சென்று வருகிறேன்' என்று சொன்னால் என்ன என்று கேட்டார். அதற்குத்தானே சார் இவ்வளவு பாடு என்று நறுமுகை தலையில் கைவைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை கூடாது என்றார், வெள்ளிக்கிழமை கூடவே கூடாது என்றார். புதன்கிழமை ராகுகாலம் கழியட்டும் என்றார். பூசணிக்காய் வாங்கித் தியேட்டர் வாசலில் வைத்தபிறகுதான் உள்ளே விட்டார்.

பழைய தியேட்டர்தான். பவுன்தாய் மைக் முன்னால் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் கப்பல் தட்டு, கரை, சின்னதாக ஒரு அப்பா. வாயைத் திறந்தாள். வரவில்லை. இன்னொரு தடவை போட்டார்கள். அப்போதும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிதம்பரேசன் கடிகாரத்தைப் பார்த்தார்.

டப்பிங்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிராளி பேசினது காதில் விழுந்தால்தான் பதில் சரியாக வரும். அவள் மைக்கில் கேட்டாள்: "நறுமுகை, அந்தக் கேள்வி கேக்குற ஆளு குரலக் கொஞ்சம் போடு. எவனுக்குச் சொல்றேன்னு தெரிஞ்சா ஒழுங்கா வரும்."

அது கூடாது என்று நறுமுகைக்குத் தெரியும். இருந்தாலும் போட்டாள்.

முதலில் ஒரு மின்விசிறிச் சத்தம். பிறகு ஒரு கிழக்குரல்.

"எப்ப தாயி வருவ?"

பிறகு பவுன்தாயின் குரல், அவள் பேசாத பேச்சு: "காத்து திரும்பட்டும்ப்பா. வந்துருவேன்."

"நேத்தும் அதத்தான் சொன்ன. சரி. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்ப்பா."

"கப்பல்ல என்னத்தப் போடுறானுகளோ."

அதோடு நின்றது. பவுன்தாய் ஹெட்போனைக் கழற்றாமல் நின்றாள். நாக்கு அழுக என்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

கண்ணாடிப் பக்கமிருந்து சிதம்பரேசன், டேக் போகலாமா என்று கேட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றார். அவள் ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வர்றேன் சார்" என்றாள். நறுமுகையைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்மா" என்றாள்.

சிதம்பரேசனுக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, நல்ல சொல் எப்படித் தானாக வருகிறது என்று நறுமுகையிடம் சொன்னாராம். பூசணிக்காய் முழுசாகவே மிஞ்சியது.

மறுநாள் சாயங்காலம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். இறங்கியதுமே எண்ணெயும் மிளகும் மணத்தது. கடை வேறு கைக்கு மாறிவிட்டிருந்தது, வீடு மாறவில்லை. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஒரே குரல் கேட்டுக்கொண்டிருந்தது, அவள் குரல். ஒரு வீட்டில் மேதா கெஞ்சினாள், அதற்கடுத்த வீட்டிலும் அதே கெஞ்சலைத் தொடர்ந்தாள். தன் குரலுக்குப் பின்னாலேயே நடந்துபோய் அப்பா வீட்டு வாசலில் நின்றாள்.

கதவு திறந்திருந்தது. ராமசுப்பு டிவிக்கு முன்னால் நாற்காலியில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். தோள் சுருங்கிப்போயிருந்தது. காலடியில் கொசுவத்தி. திரையில் பேசு நேரம் தொடங்கிவிட்டது. மேதா நேராக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்ப தாயி வருவ?" என்றார்.

"காத்து திரும்பட்டும்ப்பா."

"ஏழு வருசமா ஒரே பக்கம் அடிக்கிற காத்து எந்த ஊர்ல இருக்கு? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நான் என்ன சின்னப்புள்ளையா?" அவர் குரலில் அலுப்பு. "வாரேன்னு சொல்லிட்டுப் போனேல்ல? நீ அப்படிச் சொல்லிட்டுப் போனதாலதான நான் கேக்குறேன். சொல்லாமப் போயிருந்தா கேப்பனா?"

திரையில் மேதா பதிலுக்கு உதட்டைத் திறந்தாள். அதற்குள் வாசலிலிருந்து பவுன்தாய் சொன்னாள்:

"வந்துட்டேன்ப்பா."

அவர் திரும்பவில்லை. டிவியிலிருந்து வந்ததாகத்தான் நினைத்தார். "இன்னைக்குத்தான் ஒழுங்கா பதில் சொல்லியிருக்க" என்றார்.

டிவியும் அப்படித்தான் நினைத்தது. அது கேட்டது மேதாவின் குரல். அதைப் பேசுகிற உரிமை மேதாவைத் தவிர வேறு யாருக்கும் இல்லை என்று அது ஏழு வருஷமாகச் சாதித்துக்கொண்டிருக்கிறதே. அவள் சொல்லிவிட்டாள், கேட்டவர் காதில் விழுந்துவிட்டது. இனி அதற்கு வேறு வழியில்லை. திரையில் காற்று திரும்பிற்று. கப்பல் பழைய கரையைத் தொட்டது. மேதா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கித் தண்ணீரில் நடந்து அப்பாவிடம் போனாள். பின்னால் ஜெயசேனன் கையில் ஆட்டுத்தோலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். 'சுபம்' என்று எழுத்து வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் அதை மறுநாள்தான் பார்த்தார்கள். கேட்டவர் வீட்டுக்கு மட்டும் அன்றைக்கே.

"என்ன இது, முடிஞ்சுபோச்சா? கரண்டு போச்சா?" ராமசுப்பு ரிமோட்டைத் தட்டினார்.

"கரண்டு இருக்குப்பா."

இப்போது திரும்பினார். அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மறுபடி டிவியைப் பார்த்தார். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு ஏன் போன வச்ச?" என்றார்.

"நான் வைக்கலப்பா." அவள் டிவியைக் காட்டினாள். "இவ வச்சுட்டா." அவருக்கு அது புரிந்திருக்காது, இருந்தாலும் தலையாட்டினார். "நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

அவர் வேஷ்டியைச் சரி செய்தார். "அன்னைக்கு உன்னப் புடிச்சுக் கடல்ல தள்ளிட்டானுக. உனக்கு நீச்சல் தெரியாது. அதோட 'தொடரும்'னு போட்டுட்டான். மறுநாள் வரைக்கும் எப்படி இருக்கறது? அதான் நம்பரத் தேடிப் புடிச்சு, உசிரோட இருக்கியான்னு கேக்கக் கூப்பிட்டேன்."

பவுன்தாய் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"வாசல்லயே நிக்காத. கொசு வருது" என்றார்.

செருப்பைக் கழற்றும்போது அவள் பையில் போன் அடித்தது. எடுத்தாள். நறுமுகை. அக்கா, வாக்குத் தீர்ந்துருச்சு, எப்படித் தீந்துச்சுன்னு தெரியல, சார் தலையில கைய வச்சு உக்காந்திருக்கார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பவுன்தாய் பயந்து பயந்து, "அப்புறமா பேசுறேன்மா" என்றாள். போன் வெட்டவில்லை. அந்தப் பக்கம், சரிக்கா என்று கேட்டது.

"யாரு?" என்றார் ராமசுப்பு.

"கூட வேலை பாக்குற பொண்ணுப்பா."

"அதுகிட்ட 'வாரேன்'னு சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப போகணும்ல." காலால் கொசுவத்தியை அவள் பக்கம் நகர்த்தினார். "நாலு நாள் இருந்துட்டுப் போ. இந்தத் தடவ போறப்ப ஒழுங்காச் சொல்லிட்டுப் போ."